திருவையாறு கோஷ்டியில் குரல்கள் ஏன் ஒட்டாமல் போகின்றன? கூட்டுப் பாட்டின் கட்டை, காலம், கைச்சைகை

தியாகராஜர் மறைந்த நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று திருவையாற்றிலிருந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் நேரலையில் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது. உட்கார்ந்திருப்பவர்கள் தேர்ந்த வித்வான்கள். ஐந்து கீர்த்தனைகளும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்படியிருந்தும் வீட்டில் கேட்கும்போது குரல்கள் முன்னும் பின்னுமாக இழுபடுவது ஏன்? சில இடங்களில் பெண் குரல்கள் காணாமல் போய், சில இடங்களில் ஆண் குரல்கள் நெரிபடுவது ஏன்?

பாடுகிறவர்களின் தேர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ஒருவர் தன் கட்டையில் (ஆதார சுருதியில்), தன் மனோதர்மத்துக்கு, அதாவது தன் கற்பனைக்கு ஏற்பப் பாட வளர்ந்த சங்கீதம் இது. அதையே நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகப் பாடும்போது, தனிக் கச்சேரியில் தலைகாட்டாத சிக்கல்கள் எழுகின்றன. கும்பகோணம் பக்கத்துப் பஜனை மண்டலி, தரங்கம்பாடி முதல் தஞ்சாவூர் வரையிலான தேவாலயக் குவயர் (பாடகர் குழு), பள்ளிக்கூடத்துக் காலை வழிபாடு எல்லாவற்றிலும் இதே சிக்கல்கள்தான், அளவில் மட்டும் வேறுபடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை முதல் ஸ்வரம் ஒலிப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டியவை.

டெல்டாவின் மூன்று வழிகள்

காவிரிக் கரையில் சேர்ந்து பாட மூன்று பழைய வழிகள் உண்டு.

1. பஜனை சம்பிரதாயம். கோவிந்தபுரம் போதேந்திராள், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு ஸ்வாமிகள் வழியில் வந்தது. பாகவதர் எடுத்துக் கொடுப்பார், கோஷ்டி வாங்கிப் பாடும். முன்பாட்டு, பின்பாட்டு என்று பிரித்துவிட்டதால், எல்லோரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டிய கட்டாயமே இதில் குறைவு. ஜால்ராவின் கூர்மையான ஒலி தாளத்தைக் கட்டிக் காக்கிறது.

2. தேவாலயப் பாட்டு. இதற்குள்ளேயே இரண்டு கிளைகள். ஜெர்மன், ஆங்கில மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டும் பாமாலையும் ஒன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக ராகங்களில் இயற்றிய கீர்த்தனைகள் இன்னொன்று. முதல் வகை நான்கு குரல் பிரிவுகளுக்கு எழுதப்பட்டது. இரண்டாவது வகைக்கு ஒரே மெட்டு. ஒரே குவயர் ஒரே ஆராதனையில் இரண்டையும் பாட வேண்டியிருக்கிறது.

3. ஆராதனை கோஷ்டி கானம். மூன்றிலும் வயதில் இளையது இதுதான். தியாகராஜர் (1767–1847) சமாதியில் பெண்கள் பாட அனுமதி இல்லாத காலத்தில் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அங்கே கோயில் எழுப்பி, பெண்களுக்கென்று தனி ஆராதனையும் நடத்தினார். ஆராதனையைத் தனித்தனியே நடத்திவந்த குழுக்கள் ஒன்றான பிறகு, 1940-களின் தொடக்கத்திலிருந்து ஆண்களும் பெண்களுமாகப் பஞ்சரத்தினத்தைச் சேர்ந்து பாடும் வழக்கம் நிலைபெற்றது. சமூக நோக்கில் அது பெரிய வெற்றி. இசை நோக்கில் அன்று பிறந்த கட்டைச் சிக்கல் இன்னும் அப்படியே இருக்கிறது.

கட்டைக் கணக்கு

கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் வழக்கம்; இடையில் உள்ள கறுப்புக் கட்டை அரை. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் பாடுகிறார்கள். பெண்கள் 4½ முதல் 6 வரை. ஆணின் 1 கட்டை சட்ஜம் ('ஸ', ஆதார ஸ்வரம்) நொடிக்குச் சுமார் 131 அதிர்வுகள், அதாவது 131 ஹெர்ட்ஸ். பெண்ணின் 5 கட்டை சட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். 131-க்கு 196 என்பது 2-க்கு 3 என்ற விகிதம். அதாவது ஆணின் பஞ்சமம் நிற்கும் இடத்தில் பெண்ணின் சட்ஜம் நிற்கிறது. இந்த ஐந்து ஸ்வர இடைவெளிதான் கூட்டுப் பாட்டின் மூலச் சிக்கல்.

ஒரு கீர்த்தனை மந்தர (கீழ்) ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து தார (மேல்) ஸ்தாயி காந்தாரம் வரை போவதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஏற்பாடுகள் சாத்தியம்.

1. 1 கட்டை வைத்து, பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடுவது. பெண்ணின் சட்ஜம் 262 ஹெர்ட்ஸ் ஆகிறது. பல்லவி சுகமாக இருக்கும். சரணம் தார காந்தாரத்தைத் தொடும்போது சுமார் 655 ஹெர்ட்ஸ். கர்நாடக முறையில் நெஞ்சுக் குரலில் பழகிய பெண்ணுக்கு அது கத்தல். மேலைமுறையில் தலைக் குரல் பழகியவருக்கு அதுவே சாதாரணம். ஆகவே சர்ச் குவயருக்குப் பொருந்தும் ஏற்பாடு ஆராதனை கோஷ்டிக்குப் பொருந்தாது.

2. 5 கட்டை வைத்து, ஆண்கள் கீழே பாடுவது. ஆணின் சட்ஜம் 98 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 73. அந்த ஆழத்தில் ஸ்வரம் தெளிவாக வரும் குரல்கள் மிகச் சில.

3. நடுவில் 2½ அல்லது 3 கட்டை வைத்து, எல்லோரும் ஒரே ஸ்தாயியில் பாடுவது. நம் ஊரில் சமரசம் என்றால் இதுதான். சட்ஜம் சுமார் 156 முதல் 165 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 120-ஐ ஒட்டி வருவதால் அங்கே பெண் குரல்கள் மறைகின்றன. தார காந்தாரம் 400-ஐ ஒட்டி வருவதால் அங்கே ஆண் குரல்கள் நெரிகின்றன. நேரலையில் கேட்பவருக்கு ஒலி கீழே ஆண் நிறமாகவும் மேலே பெண் நிறமாகவும் மாறி மாறித் தெரிவதற்கு இதுவே காரணம்.

"பாதிப் பாதி விட்டுக்கொடுப்போம்" என்ற மூன்றாவது ஏற்பாடு நியாயமாகத் தோன்றும், ஆனால் இரு தரப்பையும் வருத்தும். இதைவிட நல்லது, கட்டையைச் சமரசம் செய்யாமல் பாட்டைப் பங்கிடுவது. மந்தரத்தில் புரளும் சரணங்களை ஆண்களுக்கும், தார ஸ்தாயியில் நிற்கும் சரணங்களைப் பெண்களுக்கும் கொடுத்துவிட்டு, பல்லவியில் மட்டும் எல்லோரும் சேரலாம். பஞ்சரத்தினத்தில் சரணங்கள் வரிசையாக வருவதால் அது இதற்கு மிகவும் இசைந்த உருப்படி.

நிகழ்ச்சியில் பல உருப்படிகள் இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஆண்கள் 1 கட்டையில் ஒன்று, பெண்கள் 5 கட்டையில் ஒன்று என்று மாற்றிப் பாடுவது. 1 கட்டையின் பஞ்சமமே 5 கட்டையின் சட்ஜம் என்பதால், சுருதி மாறும்போது காதுக்கு உறுத்தல் இராது.

ஒலி வந்து சேரும் நேரம்

வெதுவெதுப்பான காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 35 மீட்டர் தள்ளி இருப்பவரின் குரல் நம்மை வந்து சேர 0.1 நொடி. சிறியதாகத் தோன்றும் இந்த எண்ணைத் தாளத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு 72 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்றால் ஓர் அட்சரம் 0.83 நொடி. அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம் வரும் இடத்தில் ஒரு ஸ்வரத்துக்கு 0.21 நொடிதான். ஆக, 35 மீட்டர் நீளப் பந்தலின் ஒரு கோடியில் பாடும் ஸ்வரம் மறு கோடியை அரை ஸ்வரம் தாமதமாக அடைகிறது. அங்கே இருப்பவர் கேட்டதோடு சேர்ந்து பாடினால், அவர் குரல் திரும்பி இங்கே வரும்போது முழு ஸ்வரம் பிந்தியிருக்கும். முதல் கோடியில் இருப்பவர் "பின்னால் இழுக்கிறார்களே" என்று அவர்களுக்காகக் காத்தால், காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) படிப்படியாகச் சரிகிறது. இருவரும் சரியாகவே பாடியிருப்பார்கள். தூரம்தான் குற்றவாளி.

சுமார் 10 மீட்டருக்குள் இருப்பவர்கள் காதை நம்பிச் சேர்ந்து பாடலாம், தாமதம் 0.03 நொடிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் பரவிய கோஷ்டியில் காது ஏமாற்றும், கண் ஏமாற்றாது. கையசைவு தெரிய நேரமே ஆவதில்லை. ஆனால் நம் கோஷ்டிகளில் ஒவ்வொருவரும் தன் தொடையில் தானே தாளம் போடுகிறார்கள். கண்ணுக்குப் பொதுவான கை ஒன்று கிடையாது. எதிரெதிர் வரிசைகளாக உட்காரும்போது, அவரவர் பக்கத்துக் கையையே பார்க்கிறார்கள்.

ஒலிபெருக்கி இதைத் தீர்க்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். கம்பி வழியே போகும் ஒலிக்குத் தாமதம் இல்லை. ஆகவே 10 மீட்டருக்கு ஒன்றாகச் சிறிய பெட்டிகளைக் குறைந்த சத்தத்தில் வைத்து, முன்னணிக் குரலையும் மிருதங்கத்தையும் மட்டும் அதில் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். செய்யக் கூடாதவை இரண்டு:

- வெளிக் கூட்டத்துக்கு வைத்த பெரிய ஒலிபெருக்கி பாடுகிறவர்கள் பக்கம் திரும்பியிருப்பது. 100 மீட்டர் தள்ளியிருந்து வரும் ஒலி 0.3 நொடி பிந்தி வந்து தாளத்தைக் குழப்பும்.
- புளூடூத் பெட்டியில் தாளமோ முன்னணிக் குரலோ கொடுப்பது. அந்தப் பெட்டிகளில் 0.1 முதல் 0.2 நொடி வரை தாமதம் சாதாரணம். சுருதிக்கு மட்டும் பயன்படுத்தினால் பாதகமில்லை.

பாடாந்தரம்

தியாகராஜரின் சீடர் வழி உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என மூன்றாகப் பிரிந்தது. முதல் இரண்டும் டெல்டா ஊர்கள். ஒரே கீர்த்தனைக்குச் சங்கதிகளின் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகளின்) எண்ணிக்கையும், வரி எங்கே திரும்ப வருகிறது என்பதும் பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம், அதாவது குரு வழிக்குக் குரு வழி மாறும். தனியாகப் பாடும்போது அது சொத்து. கோஷ்டியில் ஒருவர் மூன்றாம் சங்கதிக்குப் போக, பக்கத்தில் இருப்பவர் அடுத்த வரிக்குப் போவார்.

ஒரே பக்கத்தில் சங்கதி எண்ணிக்கை, திரும்பும் இடம், நிறுத்தும் இடம் எழுதிய ஸ்வரத்தாள் போதும். கமகங்களையும் (ஸ்வர அசைவுகளையும்) அதில் குறைத்து எழுதத் தயங்க வேண்டாம். வராளி ராகத்தின் காந்தாரத்தை ஐம்பது பேர் ஐம்பது விதமாக அசைத்தால் கேட்பவருக்குக் கிடைப்பது மங்கிய ஒலி. ஒரே அசைவை எல்லோரும் சேர்ந்து அசைத்தால் ராகம் துலங்கும்.

சுருதி இறங்குவது எப்படி

தம்புரா இல்லாமல் பாடும் குழு ஐந்து நிமிடத்தில் அரைக் கட்டை இறங்கியிருப்பது மிகச் சாதாரணம். தம்புரா இருந்தும் கலைகிறது என்றால், பெரும்பாலும் அதன் ஒலி முதல் வரிசைக்கு மட்டுமே கேட்கிறது. சுருதிப் பெட்டியைப் பின்வரிசைக்கும் பின்னால் வைக்க வேண்டும்.

மற்ற காரணங்கள்:

1. இறங்கும் ஸ்வரங்கள். அவரோகணத்தில் ஒவ்வொரு படியும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், ஆரோகணத்தில் கொஞ்சம் குறைவாக ஏறும். பயிற்சியில் அவரோகணம் முடிந்த சட்ஜத்தில் நிறுத்தி, தம்புராவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

2. மூச்சு. எல்லோரும் வரி முடிவில் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால், அதற்கு முந்தைய ஸ்வரம் எல்லோருக்கும் ஒன்றாகத் தொய்கிறது. வரிசையில் 1, 2, 3 என்று எண் கொடுத்து, ஒவ்வோர் எண்ணும் வேறு சொல்லில் மூச்சு எடுக்கட்டும். மூச்சு எடுப்பவர் நைசாக விலகி, நைசாகச் சேர வேண்டும்.

3. உயிரொலி. ஒரே 'ஆ'வை ஒருவர் வாய் திறந்தும் இன்னொருவர் பல் கடித்தும் பாடினால், ஸ்வரம் சரியாக இருந்தாலும் காதுக்குச் சுருதி பிசகியதுபோல் கேட்கும். பாட்டை ஒரு முறை உயிரெழுத்துகளில் மட்டும் பாட வைத்தால் இது உடனே வெளிப்படும்.

4. வல்லொற்று. 'க்', 'ட்', 'த்', 'ப்' வந்தால் ஒலி அங்கே அறுபடும். முப்பது பேர் முப்பது இடத்தில் அறுத்தால் சிதறல்தான். ஒற்று எந்த அட்சரத்தின் எந்தப் பாகத்தில் விழுகிறது என்று தாளில் குறிக்க வேண்டும்.

5. இடம். கருங்கல் மண்டபத்தில் ஒலி நீண்டு நிற்கும். அங்கே காலப்பிரமாணத்தை ஒரு படி குறைத்து, ஒற்றுகளைக் கூர்மையாக்கினால்தான் சொல் புரியும். ஆற்றங்கரைப் பந்தலில் நேர்மாறு. எதிரொலி இல்லாததால் பக்கத்துக் குரல் கேட்காது, உடனே எல்லோரும் கத்தத் தொடங்குவார்கள். இருவருக்கு இடையே ஒரு முழத்துக்கு மேல் விடாமல் நெருங்கி, அரைவட்டமாக உட்காருவதுதான் வழி. சுருதி பிசகாத குரல்களை முன்வரிசையில் காட்சிக்கு வைக்கும் வழக்கத்தை விட்டு, பின்வரிசை நடுவில் வைத்தால் அவர்கள் ஒலி மற்றவர்களின் காதில் விழும்.

தேவாலயக் குவயருக்கு ஒரு கூடுதல் சிக்கல். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பிரித்தால், தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் 386-ல் இருக்கிறது. கீபோர்டின் காந்தாரம் 400-ல். வித்தியாசம் 14 சென்ட். தம்புராவோடு கீர்த்தனை பழகிய குழு ஞாயிற்றுக்கிழமை கீபோர்டோடு பாடும்போது காந்தாரம் இறங்கிக் கேட்பது இதனால்தான். ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதி என்ற கேள்வி இந்த மண்ணில் ஏற்கெனவே பெரிய விவாதமாக நடந்திருக்கிறது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 22 சுருதிக் கொள்கையை மறுத்து 24 என்று வாதிட்ட 'கருணாமிர்த சாகரம்' 1917-இல் வெளியானது. நடைமுறைத் தீர்வு எளியது. எந்தப் பாட்டு எந்தக் கருவியோடு அரங்கேறுமோ, அதே கருவியோடு பழக வேண்டும். கீர்த்தனைக்குக் கீபோர்டில் சட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடித்துக் காந்தாரத்தை விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

நடத்துபவரின் கை

கர்நாடக கோஷ்டிக்கு மேலைமுறை நடத்துநர் தேவையா என்ற கேள்விக்கு, ஆள் தேவை, முறை நம்முடையதாக இருக்கட்டும் என்பதே சரியான பதில். தட்டு, வீச்சு, விரல் எண்ணிக்கை ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியும் சைகைகள்தான். தாளத்தைத் தொடையில் போடாமல் மார்பு உயரத்தில், எல்லோரும் பார்க்க ஒருவரே போட வேண்டும். மற்றவர்களின் கைகள் சும்மா இருக்க வேண்டும். இதில் எதிர்ப்பு வருவது நிச்சயம், ஆனால் இந்த ஒன்றை ஏற்காமல் பெரிய கோஷ்டி சேராது.

மேலைமுறையில் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய தட்டை நடத்துநர் காற்றில் காட்டுவார், அந்த அசைவில் குழு மூச்சு வாங்கும். நமக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதல். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) எப்போதும் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) வராது, அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி வரும். ஆகவே படிகள் இப்படி அமைய வேண்டும்:

1. சத்தமில்லாமல் ஓர் ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) கடைசி திருதத்தை (ஒரு தட்டு, ஒரு வீச்சு) கையில் காட்டுவது. காலப்பிரமாணம் இதிலேயே தெரிந்துவிடும்.
2. கடைசி வீச்சில் நடத்துபவரே கண்ணுக்குத் தெரிய மூச்சு இழுப்பது.
3. சமத்தில் வலக்கைத் தட்டு, எடுப்பு விழும் இடத்தில் இடக்கை விரிப்பு.

இடக்கைக்கு வேறு மூன்று வேலைகள்தான்: எந்தப் பிரிவு பாட வேண்டும் என்று காட்டுவது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது, ஒற்றை மூடுவது. இரண்டு கையும் ஒரே தாளத்தைப் போட்டால் ஒரு கை வீண். அசைவு பெரிதாகப் பெரிதாகக் காலமும் பின்னால் இழுக்கும். சிறிய, கூர்மையான தட்டு தூரத்திலும் தெரியும். பாட்டு சரியும்போது நடத்துபவர் தானே உரக்கப் பாடத் தொடங்குவது பரவலான பழக்கம். அப்போது மற்றவர்களை அவரால் கேட்க முடியாது, கேட்பதுதான் அவருடைய முதல் வேலை.

ஒத்திசை சேர்க்கலாமா?

இசையமைப்பாளர் எம். பி. ஸ்ரீனிவாசன் 1970-களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வளர்த்த காலத்திலிருந்து, நம் மெட்டுகளுக்குப் பல குரல் அமைப்பு பொருந்துமா என்ற விவாதம் தொடர்கிறது. ராகத்துக்கு ராகம் பதில் மாறும். கௌளை, வராளி போன்றவற்றில் ராகமே அசைவில் வாழ்கிறது. அதன் அடியில் நிற்கும் ஸ்வரங்களை வைத்தால் இரண்டும் கெடும்.

மோகனத்தில் ஸ, ரி, க, ப, த ஐந்துக்கும் இடையே அரைச்சுர மோதல் எங்கும் இல்லை. ஒரே வரியை ஒரு பிரிவு தொடங்கி, நான்கு அட்சரம் கழித்து அடுத்த பிரிவு அதையே தொடங்கினாலும் காதைக் குத்தாது. பல குரலுக்குப் புதிய குழுக்கள் அங்கிருந்து தொடங்கலாம். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் மேலை மெட்டுகளுக்கு அமைத்த நோட்டுஸ்வர சாகித்தியங்களும் இதற்கு அருமையான பாடம். கமகம் இல்லை, சங்கராபரண ஸ்வரங்கள் நேராக நிற்கின்றன. சிறுவர் குழுவே இவற்றில் இரண்டு குரல் பிரிக்கலாம். டெல்டா இசைப் பள்ளிகள் இவற்றைத் தனிப்பாட்டாக மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடுவது வருத்தமான விஷயம்.

பள்ளிக்கூடத்துக் கட்டை

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, 55 நொடியில், மோகனத்தில், மூன்றன் (திஸ்ர) நடையில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடுவதை ஊக்குவிக்க வேண்டும் என்றும் அரசாணை சொன்னது. இதனால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கூட்டுப் பாட்டுக் குழு தேவையாகிவிட்டது.

அடிக்கடி நடக்கும் தவறு, ஆண் ஆசிரியர் தன் 1 கட்டையில் எடுத்துக் கொடுப்பது. பிள்ளைகள் அதே ஸ்தாயியில் பிடிக்க முயன்று முனகுவார்கள், சிலர் மேல் ஸ்தாயிக்குத் தாவுவார்கள். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது: பாட்டின் மிகக் கீழ் ஸ்வரத்தையும் மிக மேல் ஸ்வரத்தையும் ஆர்மோனியத்தில் முதலில் கண்டுபிடியுங்கள். கீழ் ஸ்வரம் சுமார் 220 ஹெர்ட்ஸுக்கு, அதாவது பெண்களின் 6 கட்டை சட்ஜத்துக்கு, கீழே போகாதபடி கட்டையை நகர்த்துங்கள். மேல் ஸ்வரம் அங்கிருந்து ஒன்றரை ஸ்தாயிக்குள் அடங்க வேண்டும். தேர்ந்த கட்டையைச் சுவரில் எழுதி ஒட்டி, தினமும் அதே சட்ஜத்தைச் சுருதிப் பெட்டியில் ஐந்து நொடி கேட்க வைத்த பிறகே தொடங்குங்கள். குரல் உடையும் வயதில் உள்ள 8, 9-ஆம் வகுப்புப் பையன்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். தாளம் காட்டும் வேலையை அவர்களிடம் கொடுக்கலாம்.

55 நொடிக்குள் முடியாமல் இழுத்தால், "வேகமாகப் பாடு" என்று சொல்லிப் பயனில்லை. வரிகளுக்கு இடையே எல்லோரும் மூச்சுக்கு எடுக்கும் நேரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் நொடிகள் அங்கேதான் கரைகின்றன.

மைக்கும் நேரலையும்

ஆளுக்கொரு மைக் கொடுத்தால் குழு மறைந்து சில தனிக்குரல்கள் மட்டும் கேட்கும். முப்பது பேர் குழுவுக்கு இரண்டு கண்டென்சர் மைக் போதும். முதல் வரிசைக்கு 2 மீட்டர் முன்னால், தலைக்கு மேல் உயரத்தில், பின்வரிசையை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். இரண்டு மைக்குக்கும் இடையிலான தூரம், பாடுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். நெருங்கினால் ஒரே குரல் இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து ஒலி உள்ளீடற்றுப் போகும்.

பெரிய கோஷ்டியின் நேரலையில் முன்னால் இருக்கும் சிலரின் மைக் ஓங்கி ஒலிக்கிறது, தூரத்து வரிசைகள் அதே மைக்கில் 0.1 நொடி பிந்தி விழுகின்றன. தொலைக்காட்சியில் நாம் கேட்கும் இழுபறியில் ஒரு பகுதி பந்தலில் இல்லவே இல்லை, அது மைக் உண்டாக்கியது. ஒவ்வொரு பத்து மீட்டர் பகுதிக்கும் தனி மைக் வைத்து, கலக்கும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே அளவில் சேர்த்தால் வீட்டில் கேட்பவருக்கு அந்தப் பிசகு பெருமளவு குறையும். பந்தலில் மிச்சமிருக்கும் பிசகை உயர்த்திப் பிடித்த ஒரே கையால்தான் சரிசெய்ய முடியும்.